ஆள் கிடைக்கவில்லை என்கிறோம், கூலி மட்டும் ஏன் ஏற மாட்டேன் என்கிறது?

வேர்க்கிளம்பிக்காரன் எழுதியது:

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் நாலு பேர் கூடினால் இந்தப் புலம்பல் வந்துவிடும். தென்னை ஏற ஆள் இல்லை, ரப்பர் பால் வெட்ட ஆள் இல்லை, வீட்டு வேலைக்கு ஆள் இல்லை, வந்தாலும் கேட்கிற கூலி கட்டுப்படியாகவில்லை. சரி, வரத்து குறைந்தால் விலை ஏறும் என்பதுதானே சந்தைக் கணக்கு? பிச்சிப்பூ வரத்து குறைந்தால் தோவாளைப் பூச்சந்தையில் விடிவதற்குள் விலை எகிறிவிடுகிறது. அதை யாரும் பூவின் கொழுப்பு என்று சொல்வதில்லை. ஆள் வரத்து குறைந்தால் மட்டும் 'நூறு நாள் வேலை கெடுத்துவிட்டது, எல்லாவனுக்கும் சோம்பல்' என்கிறோம்.

என் அம்மா அண்டியாபீஸில் வேலை பார்த்தவர். முந்திரி ஆலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். முதலில் உடைக்கிற பிரிவில் இருந்தார். தோட்டிலிருந்து வடிகிற எண்ணெய் கையைச் சுட்டுப் பொத்துவிடும், சாம்பலைப் பூசிக்கொண்டு உட்கார வேண்டும். பிறகு தோல் உரிக்கிற பிரிவுக்கு மாற்றினார்கள். வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு 'பெண்கள் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டே செய்கிற லேசான வேலை'. 320 தரம் என்று கடையில் வாங்குகிறீர்களே, ஒரு பவுண்டுக்கு 320 பருப்பு வரை நிற்கும் என்று கணக்கு. அப்படியானால் கிலோவுக்கு ஏறத்தாழ 700. அந்த 700 பருப்பும் ஒவ்வொன்றாக ஒருத்தியின் விரலுக்குள் போய் வந்தவை. நகம் கொஞ்சம் அழுத்தினால் பருப்பு இரண்டாகப் பிளக்கும், பிளந்ததும் தரம் இறங்கும், விலை இறங்கும். உடையாமல், வேகமாக, நாள் முழுக்க உரிக்க வேண்டும். கூலி கிலோ கணக்கில். இந்த வேலையைத் திறன் தேவைப்படாத வேலை என்பவர்கள் ஒரு அரை மணி நேரம் உட்கார்ந்து பார்க்கலாம்.

இப்போது இன்னொரு கணக்கு. ரிசர்வ் வங்கி வெளியிட்ட 2021-22 புள்ளிவிவரத்தில் கிராமப்புறக் கட்டட வேலை ஆண்களின் சராசரி நாள் கூலி கேரளத்தில் 837 ரூபாய், தமிழ்நாட்டில் 478 ரூபாய். கேரள எல்லையான களியக்காவிளையில் நின்று பார்த்தால் இரண்டும் ஒரே ரோடு. அதே ஆள், அதே கரண்டி, அதே சிமெண்ட். பாலம் தாண்டினால் அவனுக்குத் திடீரென்று திறன் கூடிவிடுகிறதா?

எனக்குத் தோன்றுவது இதுதான்: கூலி திறனைப் பார்த்து வருவதில்லை. 'இது சரிப்படாது, நான் போகிறேன்' என்று சொல்ல முடிகிறவனுக்கு ஏறுகிறது. சொல்ல முடியாதவளுக்கு ஏறுவதில்லை. மறுப்பவர்கள் எழுதுங்கள்.


ரப்பர்_குலசேகரம் எழுதியது:

மறுக்கிறேன். முதலாளி என்றதும் எல்லாரையும் ஒரே கயிற்றில் கட்டிவிடுகிறீர்கள். எனக்கு இருப்பது ஒன்றரை ஏக்கர் ரப்பர். 2011இல் ரப்பர் ஷீட் கிலோ 240 ரூபாயைத் தாண்டியது. அந்த ஆட்டத்தில் தென்னையை வெட்டிவிட்டு ரப்பர் வைத்தவர்கள் எத்தனை பேர் என்று ஊரில் கேளுங்கள். 2016 தொடக்கத்தில் அது நூறுக்குக் கீழே வந்தது. அப்போது வெட்டுக்கூலி பாதியாகக் குறைந்ததா? இல்லை. நிறைய பேர் மரத்தை வெட்டாமலே போட்டு வைத்தோம், வெட்டினால் நஷ்டம்.

ஆள் கிடைக்காத கதையும் உண்மை. விடிவதற்கு முன்னால் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்கு ஏற வேண்டும், வெயில் ஏறினால் பால் நின்றுவிடும். ஒன்றுவிட்ட ஒரு நாள் வெட்டு. முந்நூறு மரம் வரை ஒருவர் பார்ப்பார். பட்டையை மில்லிமீட்டர் கணக்கில் சீவ வேண்டும், கத்தி உள்ளே இறங்கினால் மரம் காயப்பட்டு அந்தப் பக்கம் வருஷக்கணக்கில் உதவாது. நல்ல வெட்டுக்காரன் கையில் மரம் இருபது வருஷம் தாண்டிப் பால் தரும். இது எனக்கும் தெரியும் மக்கா. தெரிந்து என்ன செய்ய? விலையை நான் வைக்கவில்லையே. கோட்டயத்தில் வைக்கிறார்கள், பாங்காக்கில் வைக்கிறார்கள்.


பாறசாலை_பாசஞ்சர் எழுதியது:

வேர்க்கிளம்பி அண்ணாச்சி சொன்ன 837க்குள் இருக்கிறவன் நான். அப்பா கொத்தனார், நான் கையாளாகத் தொடங்கி இப்போது டைல்ஸ் ஒட்டுகிறேன். காலை வண்டியில் இரணியல், குழித்துறை என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் தூக்குச்சட்டியோடு ஆள் ஏறுவதைப் பார்த்தால் தெரியும், இந்த மாவட்டத்தின் பாதி கைத்தொழில் தினமும் திருவனந்தபுரம் போய்த் திரும்புகிறது.

கூலி கூடுதல்தான். ஆனால் அதில் பயணம், மூன்று வேளை வெளிச்சாப்பாடு, விடிகாலை எழுந்து ராத்திரி வீடு சேருகிற அலுப்பு, எல்லாம் போகும். இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையில் வேலை நிற்கும். இப்போது அங்கே வங்காளம், அசாம் பையன்கள் நிறைய. அவர்களுக்குக் கொடுப்பது எங்களுக்குக் கொடுப்பதைவிடக் குறைவு. நாங்கள் போய் மலையாளி மேஸ்திரியின் கூலியைக் குறைத்தோம் என்று அந்தக் காலத்தில் அவர்கள் எங்களைத் திட்டினார்கள். இன்று எங்கள் ஆள் பெங்காலியைத் திட்டுகிறான். வரிசை நகர்கிறது, அவ்வளவுதான்.

இன்னொன்று. போக முடிகிறவனுக்குக் கூலி ஏறும் என்பது பாதிக் கதை. கேரளத்தில் கூலி ஏறியதற்குத் தொழிற்சங்கம் காரணம். சங்கம் கேட்டு, அரசு குறைந்தபட்சக் கூலியை ஏற்றி எழுதியது. அது ஏற ஏற கொல்லத்து முந்திரி முதலாளிகள் என்ன செய்தார்கள்? மூட்டையைத் தூக்கிக்கொண்டு எல்லை தாண்டி நம் மாவட்டத்துக்கு வந்தார்கள். மார்த்தாண்டம், கருங்கல், தக்கலை வட்டாரத்தில் இத்தனை ஆலைகள் முளைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். கூலி கூடுதல் கேட்டு ஆள் வடக்கே போனான், கூலி குறைவு தேடி ஆலை தெற்கே வந்தது. உங்கள் அம்மா வேலை பார்த்த ஆலையே அப்படி வந்ததாக இருக்கலாம். போக முடிவது ஒரு பலம் என்றால் அது முதலாளிக்கும் உண்டு, அவனுக்கு நம்மைவிட நன்றாகவே உண்டு.


குவைத்_குமரியான் எழுதியது:

இங்கே ஐம்பது டிகிரியில் ஏசி மாட்டுகிறவனுக்கு ஊரில் 'ஃபாரின் மாப்பிள்ளை' மரியாதை. அதே வேலையை மேட்டுக்கடையில் செய்தால் 'ஏசி பையன், இன்னும் வரலியா?'. மரியாதையும் விமானத்தில்தான் வருகிறது போல. கூலியைப் பற்றிப் படித்தவர்கள் பேசுங்கள், நான் ஷிப்ட் முடிந்து வருகிறேன்.


வடசேரி_வாத்தியார் எழுதியது:

நல்ல விவாதம். கொஞ்சம் பின்னால் போகலாம். நம் பகுதி 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. அதற்கும் முன்னே சமஸ்தான காலத்தில் ஊழியம் என்று ஒரு முறை. கோயிலுக்கும் அரண்மனைக்கும் சர்க்காருக்கும் கூலி இல்லாமல் உழைக்க வேண்டும், பனையேறிக்குத் தனி வரி, தலைக்கு வரி. வேலை செய்கிறவன் எவ்வளவு கீழே என்பதை உடம்பிலேயே காட்ட வேண்டும் என்று ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களை மேலாடை போடக்கூட விடவில்லை. 1859 வரை அந்தத் தோள்சீலைப் போராட்டம் நடந்தது. சாமித்தோப்பில் வைகுண்டர் ஆண்களைத் தலைப்பாகை கட்டி வரச் சொன்னதை இந்தப் பின்னணியில் பாருங்கள். இன்றும் பதி என்கிற அவர் வழிக் கோயிலில் தலைப்பாகையோடுதான் கும்பிடுகிறார்கள். கூலிக்கு முன்னால் அவர்கள் கேட்டது நிமிர்ந்து நிற்கிற உரிமையை. பூதப்பாண்டியில் பிறந்த பொதுவுடைமைத் தலைவர் ஜீவானந்தம் இந்த மண்ணிலிருந்து கிளம்பி ஆலைத் தொழிலாளிகளிடம் போய்ச் சேர்ந்தது தற்செயல் இல்லை என்பது என் எண்ணம்.

ஆனால் இதற்கெல்லாம் மருந்தாக நாம் பிடித்துக்கொண்டது படிப்பு. 2011 கணக்கெடுப்பில் நம் மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 விழுக்காடு, தமிழ்நாட்டில் முதலிடம். பெருமைதான். விளைவு? என்னிடம் படித்த பொறியியல் பட்டதாரிகள் பலருக்கு இங்கே கிடைக்கிற சம்பளம் டைல்ஸ் ஒட்டுகிற தம்பி வாங்குவதில் பாதி. ஆனாலும் பெண் கொடுக்கிறவர் பட்டதாரிக்குத்தான் கொடுப்பார். நாட்டின் மொத்த வருமானத்தில் மேல்தட்டு ஒரு விழுக்காட்டினர் 2022-23இல் 22.6 விழுக்காட்டை எடுத்துக்கொண்டார்கள் என்று உலகச் சமமின்மை ஆய்வகம் கணக்கிட்டது. கீழே இருக்கிற நாம் மிச்சத்தில் யார் யாரைவிட ஒரு படி மேல் என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம்.


நாலாவது_கவுண்டர் எழுதியது:

வாத்தியார் சார், ஒரு விழுக்காட்டுக்காரர்களை விடுங்கள். எங்கள் மாடியில் நடப்பதைச் சொல்கிறேன்.

நாகர்கோவிலில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவு. பெயர் வேண்டாம். காலை ஒன்பதரைக்கு நின்றால் ராத்திரி கடை சாத்தும் வரை. ஒரு கல்யாணப் பார்ட்டி வந்தால் அறுபது எழுபது சேலை விரிப்போம், ஒன்று எடுப்பார்கள், சில நேரம் அதுவும் இல்லை. சிரித்துக்கொண்டே மடிக்க வேண்டும். பட்டைத் தொட்டுப் பார்த்தே கலப்பு எவ்வளவு என்று சொல்லிவிடுவேன். இவர்கள் பட்ஜெட் எவ்வளவு என்பது படி ஏறி வரும்போதே தெரிந்துவிடும். இதெல்லாம் எந்தக் கணக்கில் வரும்?

கடையில் உட்கார இடம் கொடுக்க வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. கேரளத்தில் அதற்கு மூன்று வருஷம் முன்பே. ஸ்டூல் வந்தது, இருக்கிறது. உட்கார்ந்தால் கேமராவில் பார்த்துவிட்டுக் கீழே இருந்து போன் வரும், 'சும்மா இருக்கிறவங்களை சாரீஸ்லேர்ந்து சுடிதாருக்கு அனுப்பு' என்று. பெரும்பாலும் அதன்மேல் அட்டைப்பெட்டி வைத்திருக்கிறோம். எங்களில் பாதிப் பேருக்கு முப்பத்தைந்து வயதுக்குள் காலில் நரம்பு சுருண்டு நிற்கிறது. பாத்ரூம் போனாலும் சொல்லிவிட்டுப் போக வேண்டும், அதனால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டோம்.

பாறசாலை தம்பி வண்டியேறிப் போகிறார். நான் போக முடியுமா? ஐந்தரைக்குக் கிளம்பினால் பிள்ளையை யார் பள்ளிக்கு விடுவது? மாமியாருக்கு யார் கஞ்சி வைப்பது? முதலாளிக்கும் இது தெரியும். சம்பளம் கேட்டால் 'வீட்டுக்காரர் சம்பாதிக்கிறாரே, உனக்கு இது கைச்செலவுக்குத்தானே' என்று சொன்னவர் இருக்கிறார். என் வீட்டுக்காரருக்கு விபத்து நடந்து வேலைக்குப் போகாமல் இருந்த வருஷமும் எனக்கு அதே சம்பளம்தான்.


சின்னத்துறைக்_கடல் எழுதியது:

கடல் வேலையில் கூலி என்ற முறையே வேறு. எங்கள் ஆழ்கடல் போட்டில் சம்பளம் கிடையாது, பங்கு. டீசல், ஐஸ், அரிசி மளிகை, எல்லாச் செலவும் மீன் விற்ற பணத்தில் முதலில் கழியும். மீதியில் போட்டுக்கு ஒரு பங்கு, ஆட்களுக்கு ஒரு பங்கு. ஊருக்கு ஊர், போட்டுக்குப் போட்டு கணக்கு மாறும். ஓட்டுகிற ஸ்ராங்குக்குக் கூடுதல். மீன் பட்டால் எல்லாருக்கும் நல்ல பணம், படாவிட்டால் மாதக்கணக்கில் கடலில் கிடந்துவிட்டு வெறுங்கையோடு இறங்குவோம். யாரும் யாரையும் முதலாளி என்று கூப்பிடுவதில்லை, முக்கால்வாசிப் பேர் சொந்தக்காரர்கள்.

கேட்க நன்றாக இருக்கும். ஆனால் போட்டு வாங்கக் கடன் கொடுத்தவரே மீனை எடுப்பார், கமிஷனும் எடுப்பார், அவர் சொல்கிறதுதான் எடை. அவருடைய பங்கில் செலவு கழிவதில்லை. ஒக்கிப் புயல் அடித்த 2017 நவம்பர் கடைசியில் கடலில் இருந்தவர்கள் நாங்கள். ஆபத்தில் எல்லாருக்கும் சம பங்கு கிடையாது, கரையில் இருக்கிறவருக்கு ஒரு பங்கும் இல்லை. மீன்பிடித் தடைக்கால நிவாரணத்தை 8,000 ரூபாயாக உயர்த்தினார்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு குடும்பத்துக்கு அது.


ஆலைக்_கணக்குப்பிள்ளை எழுதியது:

முந்திரி ஆலைக் கணக்கைப் பார்த்தவன் என்ற முறையில் நாலு விஷயம். உங்கள் பக்கம் நின்று எழுதவில்லை, முதலாளி பக்கமும் இல்லை.

நம் ஆலைகளுக்கு வருகிற கொட்டையில் பெரும்பகுதி ஆப்பிரிக்காவிலிருந்து வருவது. ஐவரி கோஸ்ட், தான்சானியா, கினி பிசாவ். 80 கிலோ மூட்டையை உடைத்தால் நல்ல சரக்காக இருந்தால் 21, 22 கிலோ பருப்பு தேறும். செலவில் மிகப் பெரியது கொட்டை விலை, அடுத்து வங்கி வட்டி. வியட்நாமில் உடைப்பது, உரிப்பது எல்லாம் பெரும்பாலும் மெஷின். அவன் வைக்கிற விலையில்தான் நாமும் விற்க வேண்டும். கொல்லத்தில் வட்டி கட்ட முடியாமல் பூட்டிய ஆலைகள் ஏராளம். ரப்பர் அண்ணாச்சி சொன்னதே இங்கேயும்: விலை நம் கையில் இல்லை.

ஆகவே குறைக்க முடிகிற ஒரே செலவு எது என்று பார்த்தால் கூலி. கொட்டைக்காரனிடம் பேரம் பேச முடியாது, வங்கியிடம் பேச முடியாது. உரிக்கிற அக்காவிடம் பேசலாம். சில இடங்களில் மூட்டையை வீட்டுக்கே கொடுத்து உடைக்க வைக்கிறார்கள். அப்படிச் செய்தால் பி.எப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை, கரண்ட் செலவுகூட அவர்கள் வீட்டில்.


வேர்க்கிளம்பிக்காரன் எழுதியது:

கணக்குப்பிள்ளை சார், நீங்கள் எழுதியதுதான் இந்த இழையிலேயே முக்கியமான வரி என்று நினைக்கிறேன். செலவில் பெரியது கொட்டையும் வட்டியும், ஆனால் அடி விழுவது சின்னச் செலவின் மேல், ஏனென்றால் அங்கேதான் எதிர்த்துப் பேச ஆள் இல்லை. நான் முதலில் கேட்டதற்கு இது சரியான பதில்.

பாறசாலை தம்பி சொன்ன சங்கமும் இங்கேதான் வருகிறது. ஓர் ஆலை மட்டும் கூலி ஏற்றினால் அது மூடும், ஒத்துக்கொள்கிறேன். அதற்காகத்தான் 1948லேயே குறைந்தபட்சக் கூலிச் சட்டம் போட்டு, ஐந்து வருஷத்துக்குள் திருத்த வேண்டும் என்று எழுதினார்கள். எல்லா ஆலைக்கும் அதற்குக் கீழே கூலி இறங்க முடியாத ஒரே தரை என்றால் போட்டியாளனைக் காட்டி பயமுறுத்த முடியாது. ஆனால் அந்தத் தரை கேரளத்தில் ஓர் உயரம், தமிழ்நாட்டில் ஓர் உயரம். எல்லைக் கோட்டில் இருக்கிற நமக்கு அந்த இடைவெளியே தொழில் கொள்கை ஆகிவிட்டது. இரண்டு மாநிலமும் முந்திரிக்காவது ஒரே கூலி என்று பேசி முடித்தால் ஆலை எங்கே ஓடும்? வியட்நாமுக்கு என்பீர்கள். வியட்நாம்காரன் மெஷின் வைத்தது கூலி ஏறியதால்தானே. நம் ஆள் மெஷின் வைக்காததற்குக் காரணம் இந்தப் பெண்களின் விரல் மெஷினைவிட மலிவு என்பது.

நாலாவது கவுண்டர் அக்கா, 'கைச்செலவு' என்று சொன்னவரிடம் அவர் மனைவியின் கைச்செலவு எவ்வளவு என்று கேட்டிருக்க வேண்டும்.


ரப்பர்_குலசேகரம் எழுதியது:

எல்லாம் சரி, என் ஒன்றரை ஏக்கருக்கு யார் தரை போடுவது? கூலிக்குக் குறைந்தபட்ச விலை கேட்கிறீர்கள், ஷீட்டுக்குக் குறைந்தபட்ச விலை கேளுங்கள், நானும் கொடி பிடிக்க வருகிறேன். கேரளத்தில் ரப்பர் விலை விழுந்தால் வித்தியாசத்தைக் கொடுக்க அரசே திட்டம் வைத்திருக்கிறது. நமக்கு?

கீரிப்பாறை, மணலோடை பக்கம் அரசு ரப்பர் கழகத் தோட்டத்தில் சங்கம் இருக்கிறது, ஒப்பந்தம் இருக்கிறது. அங்கேயே ஒவ்வொரு ஊதிய உயர்வுக்கும் போராட வேண்டியிருக்கிறது. அப்புறம் என்னைப் பிடித்து என்ன ஆகப்போகிறது? மழைக்காலத்தில் வெட்டு இல்லாத நாளில் வெட்டுக்காரர் வந்து கடன் கேட்பார், கொடுக்கிறேன். அதற்குமேல் என்னிடம் இல்லை.


பாறசாலை_பாசஞ்சர் எழுதியது:

அண்ணாச்சி கோபித்துக்கொள்ள வேண்டாம். ஷீட்டுக்கு விலை கேட்கிற ஊர்வலத்தில் உங்கள் வெட்டுக்காரரும் வருவார். அவர் கூலி கேட்கிற அன்றைக்கு நீங்கள் வருவீர்களா என்பதுதான் கேள்வி. மழை நாளில் நீங்கள் கொடுப்பது கடன், கேரளத்துச் சங்கக்காரன் அதை மழைக்காலப் படி என்று எழுதி வாங்கியிருப்பான்.


வேர்க்கிளம்பிக்காரன் எழுதியது:

கணக்குப்பிள்ளை சாரிடம் ஒரு சொந்த சந்தேகம். அம்மா வேலையை விட்டு நின்றபோது பி.எப். பணம் மட்டும் வந்தது, பென்ஷன் மாதம் ஆயிரத்துச் சொச்சம். கிராஜுவிட்டி என்கிற பணிக்கொடை பற்றி ஆலையில் வாயே திறக்கவில்லை. 'கிலோ கூலிக்காரங்களுக்கு அதெல்லாம் கிடையாது' என்று சூப்பர்வைசர் சொன்னாராம். சரியா?


ஆலைக்_கணக்குப்பிள்ளை எழுதியது:

சரியில்லை. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற ஆலைக்கு 1972ஆம் வருஷத்து கிராஜுவிட்டி சட்டம் 2025 நவம்பர் வரை பொருந்தியது, இப்போது அது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் வருகிறது. கிலோ கூலிக்கும் உண்டு. கடைசி மூன்று மாதம் வாங்கிய கூலியின் சராசரியை எடுத்து நாள் கூலி கண்டுபிடிப்பார்கள். ஒரு வருஷ சர்வீஸுக்கு 15 நாள் கூலி. நாள் கூலி 300 என்றால் வருஷத்துக்கு 4,500, இருபது வருஷத்துக்கு 90,000. ஐந்து வருஷம் தொடர்ந்து வேலை பார்த்திருக்க வேண்டும்.

இரண்டு இடத்தில் மடக்குவார்கள். ஒன்று, 'எங்களுடையது சீசன் ஆலை' என்பார்கள். சீசன் ஆலை என்றால் 15 நாளுக்குப் பதில் சீசனுக்கு 7 நாள் கூலிதான். வருஷம் முழுக்க மூட்டை வந்த ஆலை என்றால் அதை ஒத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு, வருஷத்தில் 240 நாள் நிறையவில்லை என்பார்கள். கொட்டை வரவில்லை என்று ஆலையே பூட்டி லே-ஆஃப் கொடுத்த நாட்களும் அந்தக் கணக்கில் சேரும். அம்மாவின் பி.எப். பாஸ்புக்கில் மாதவாரியாகப் பணம் கட்டியது இருக்கும், இ.எஸ்.ஐ. அட்டையில் சேர்ந்த தேதி இருக்கும். இரண்டையும் நகல் எடுத்து, ஆலைக்கு முதலில் எழுத்தில் கேளுங்கள், பதிவுத் தபாலில். பதில் வராவிட்டால் நாகர்கோவில் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு. முப்பது நாளுக்குள் கேட்டிருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது, ஆனால் தாமதமானதற்குக் காரணம் எழுதிக் கொடுத்தால் ஏற்றுக்கொள்வார்கள். தாமதத்தைக் காட்டி ஆலை தட்டிக்கழிக்க முடியாது.

அம்மாவோடு நின்ற மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு மனுவாகப் போனால் காத்திருக்க வைப்பார்கள், பத்து மனுவாகப் போனால் ஆலையிலிருந்தே போன் வரும்.


நாலாவது_கவுண்டர் எழுதியது:

சார், ஸ்டூல் விஷயமும் அதே ஆபீஸ்தானா? பெயர் போடாமல் எழுதினால் எடுப்பார்களா?


ஆலைக்_கணக்குப்பிள்ளை எழுதியது:

அதே துறைதான், கடைகளைப் பார்க்கிற உதவி ஆய்வாளர் இருப்பார். பெயர் இல்லாத மனுவை எடுப்பது அவர் மனசைப் பொறுத்தது. சங்கம் மூலம் போனால் உங்கள் பெயர் வெளியே வராது. எந்த மாடி, எந்த நேரம், ஸ்டூலில் அட்டைப்பெட்டி இருக்கிற விஷயம், எல்லாம் எழுதுங்கள். தீபாவளிக்கு முன்னால் அனுப்புங்கள், கூட்ட நேரத்தில் வந்து பார்த்தால்தான் அவருக்குப் புரியும்.